சுவரில் ஒட்டிய பாடு

பொன்னேரியில் நான் தொழில்நுட்பம் படித்த கல்லூரி ரொம்பச் சின்னது. மாடியில் வகுப்பு, கீழே பட்டறை. பட்டறையில் லேத் மிஷின் இரண்டு இருந்தன; ஓடுவது ஒன்று. அதனால் செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கு ஒரு நேரம் ஒதுக்கி, பட்டறை சார் பெயர்களை எழுதிச் சுவரில் ஒட்டினார்.

எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்தில் ஏரிக்குள் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இந்த இடம் இன்றைக்கு இவர்களுக்கு என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். அடுத்தவர் முறையன்று மீன் துள்ளினாலும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். நம் முறையன்று காற்று கெட்டுவிட்டால் போனது போனதுதான், வாய் திறந்து கேட்கக் கூடாது. பாடெல்லாம் ஆண்களுக்கு. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவருக்கு உண்டு, அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் வந்தது. எனக்கு எந்தக் காலத்திலும் வராது. அதனால்தான் சுவரில் என் பெயருக்கு நேராக ‘செவ்வாய், பதினொரு மணி’ என்று பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

செவ்வாயன்று இரும்புத் துண்டை மாட்டி ஓட்டினேன். முதல் சீவல் விழுவதற்குள் கரண்ட் போய்விட்டது. சார் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். என் நாள், என் முறை, காற்று கெட்டுவிட்டது. துண்டைக் கழற்றி வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பெரிய மனுஷி மாதிரி அழக்கூட இல்லை.

மறுநாள் சார் பிடித்துக்கொண்டார்.

"பத்து நிமிஷத்துல கரண்ட் வந்துடுச்சு. நீ எங்கமா போன?"

"என் முறை போச்சுன்னு நெனச்சேன் சார்."

"யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் குழப்பமே. இதில் தவறினால் இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். வீட்டில் விடமாட்டார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு சார், "வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். கடைசி ஆள் முடிச்சதும் நீ செய்" என்றார்.

வீட்டில் சொன்னேன். வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த நைனா நிமிரவில்லை.

"வெள்ளிக்கெழம யாரு பாடு?"

"அங்கல்லாம் அப்டி கெடையாது நைனா."

"அப்ப செவுத்துல இன்னாத்துக்குப் பேரு எழுதுனாங்க?"

சார் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது, நைனா கேட்பதும் சரியாகத்தான் இருந்தது. யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பெயர், வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணுடையது. அன்றும் நடுவில் கரண்ட் போனது. அவள் பொன்னேரிக்காரி, மிஷின் மேல் கை வைத்தபடி அமைதியாகக் காத்திருந்தாள். கரண்ட் வந்தது. நேரம் முடிந்தபோது அவள் துண்டில் மரை போடுவது பாக்கி.

"அஞ்சே நிமிஷம் சார்."

சார் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்குப் பூட்டணும். இவ வேற காத்துனு இருக்கா. விடுமா."

அவள் என்னைப் பார்த்தாள். ‘பரவாயில்ல சார், முடிக்கட்டும்’ என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவள் துண்டைக் கழற்றியதும் என்னுடையதை மாட்டினேன். அளவெல்லாம் கச்சிதமாக வந்தது. நான் தேறினேன். அவள் தேறவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார் நைனா.

"முடிஞ்சுது."

யாரு பாடு என்று அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தத் தடவை எனக்குப் பதில் தெரியும்: அது அவள் பாடு.