சுற்றுலா போன முட்டி

போன சனிக்கிழமை லுக்குட் டவுனில் என் கார் டயர் பஞ்சர். பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கிவிட்டார். பின்னால் இருந்த அவர் மனைவி இறங்க ஒரு நிமிடம் ஆனது.

"அண்ணே, நீங்கதானே பத்திரிகையில எழுதுறது?"

ஆமாம் என்றேன், தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு. வாசகி முன்னால் அழகாக நிற்க வேண்டாமா?

பெயர் சரோஜா. புக்கிட் பெலண்டோக் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்குகிறார். குந்திக் குந்தியே முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன.

"நீங்க எழுதுனத படிச்சிட்டுதாண்ணே பெரியாஸ்பத்திரியில ஆப்பரேசன் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். சங்கிலிய வித்து ஊசி போட்டுக்கிட்டேன்."

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும்... ஸ்டெம் செல் ஊசி. சி ரூசா கடற்கரைச் சாலையில் ஒரு கிளினிக். என் தொப்பைக் கொழுப்பிலிருந்தே செல் எடுத்து என் முட்டியில் போட்டார்கள். 'இருக்கிற ஸ்டாக்குக்கு லுக்குட் முழுக்க சப்ளை செய்யலாம்' என்று ஜோக்கடித்தேன். எலும்பு டாக்டர்களை ரம்பம் பிடித்த தச்சர்கள் என்றேன். வலி போயே போச்சு என்று மறுவாரமே எழுதினேன். மறுவாரம் எந்த வலிதான் போகாது?

கணவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "அண்ணன் எப்படி நடக்குறாரு பாரு. நீதான் மனசு வெக்க மாட்டேங்கிற."

"எல்லாருக்கும் கேக்குது. என் ஒடம்புக்குத்தான் கேக்கல லா."

நான் ஏன் நன்றாக நடக்கிறேன்?

ஆறே மாதத்தில் வலி திரும்பிவிட்டது. 'எலும்போட எலும்பு உரசுது, இந்த முட்டியில ஊசிக்கு வேலையில்ல' என்றார் ஒரு தச்சர். அவரிடமே காலை நீட்டினேன். புது முட்டி வைத்தார். அப்போது மூன்று வாரம் இந்தப் பத்தி வரவில்லை. 'எழுத்தாளர் சுற்றுலாவில்' என்று போட்டார்கள். போடச் சொன்னவன் நான்தான். கேலி செய்த இடத்திலேயே போய்ப் படுத்தேன் என்று எப்படி எழுதுவது?

பட்டறையிலேயே கால்சட்டையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினேன்.

சரோஜா குனிந்து பார்த்தார். "அப்ப ஒங்களுக்கும் கேக்கலியா?"

"கேக்கலம்மா."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். நிம்மதிதான் வந்தது. இத்தனை மாதமாய்த் தன் உடம்பைத் திட்டிக்கொண்டிருந்தவர் அல்லவா? பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எப்பண்ணே செஞ்சீங்க?"

"தீபாவளிக்கு முன்னால."

"நமக்குத் தைப்பூசம் கழிச்சுத்தானே தேதி. கடைசி வாரத்துலதானே வேணாம்னு எழுதிக் குடுத்தோம்..."

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. கணவரிடம் சொன்னார்.

அந்த மனிதர் என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருக்கலாம். "டயர் ரெடியாயிருச்சி போல, பாருங்கண்ணே" என்றார்.

காமெடி எழுதுகிறவன் பேச்சை யார் நம்பப்போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் இத்தனை வருடம் எழுதினேன். நம்புகிறார்கள்... நான் எழுதாமல் விட்டதையும் சேர்த்து.

திங்கட்கிழமை மூவரும் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் புதுத் தேதிக்கு மனு கொடுத்தோம். வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்குமாம்.

தேய்ந்த முட்டி அப்படித் தொடங்காது.