பதினான்கு கோப்பைகளும் ஸ்ரீமுஷ்ணம் கச்சேரியும்

எழுபத்து மூன்று, தை மாதக் கடைசி. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடலூர் துறைமுகச் சந்திப்பில் விருத்தாசலம் ரயில் ஏறினேன். மூன்றாம் வகுப்பு, ஒரு ரூபாய் எழுபத்தைந்து காசு. தூரம் ஏறக்குறைய முப்பத்தைந்து மைல். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் என் மகன் ராமு அங்கே வேலைக்குப் போன ஒன்றரை வருஷத்தில் நான் ஒரு முறைகூடப் போனதில்லை. போகிற அவசியத்தை அவன் அம்மா வைக்கவில்லை. அவள்தான் மாதம் ஒரு நடை போய் வருவாள். ஐப்பசி மழையில், நான் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் கண்ணை மூடிவிட்டாள். அதற்குப் பிறகு யாராவது கதவைத் தட்டினாலே என்ன செய்தியோ என்றுதான் எழுந்து போகிறேன்.

சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. கடலூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் ராமுவுக்குக் குமாஸ்தா வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். நான்கு பேர் வீட்டுக்கு நடந்து வாங்கிய உத்தரவு. பையனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். அது ஒன்றுக்காகத்தான் இந்தப் பயணம்.

வடலூரில் ஒருவர் ஏறி எதிரே உட்கார்ந்தார். பீங்கான் பொம்மைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்பவராம்.

"வாத்தியாரா நீங்க? மூஞ்சியே சொல்லுது. எங்க போறீங்க?"

"விருத்தாசலம். பையன் அங்க பீங்கான் கம்பெனியில இருக்கான்."

"பேரு?"

"ராமு."

"பீங்கான் பார்ட்டி ராமுவா? கோப்பை வாசிக்குமே அந்தப் புள்ளை? வேப்பூர்ல கேட்டேங்க. டீ குடிக்கிற கோப்பைய வெச்சிக்கிட்டு என்னா போடு போடுது!"

நான் தலையை ஆட்டிவைத்தேன். "சும்மா பொழுதுபோக்காகக் கொஞ்சம் பாட்டு" என்று ஒரு கடிதத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். என் மகனைப் பற்றி என்னைவிட அந்தப் பொம்மைக்காரருக்கு அதிகம் தெரிந்திருந்தது.

பத்தரை மணிக்கு விருத்தாசலம். இறங்கியதும் வெயிலும் நிலக்கரிப் புகையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. தொழிற்பேட்டைக்குச் சைக்கிள் ரிக்‌ஷா அறுபது காசு. வழியெல்லாம் சூளைப் புகைபோக்கிகள். வேலிகளுக்குப் பின்னால் உடைந்த கோப்பைகளும் தட்டுகளும் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கின்றன. வெயில் பட்டால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

கம்பெனி வாசலில் ராமு என்னைப் பார்த்ததும் பயந்துபோனான். "என்னப்பா, யாருக்கு என்னா?" என்றான். எங்கள் வீட்டில் இப்போது யார் எதிர்பாராமல் வந்தாலும் முதல் கேள்வி இதுதான். ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் சிரித்தான். உள்ளே கூட்டிப் போய்க் காட்டினான்.

சூளையிலிருந்து இறக்கிய சரக்கு ஒரு நீள மேசைக்கு வருகிறது. அங்கே அஞ்சலை என்ற பெண் நின்றுகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இடது கையில் கோப்பையை விரல் நுனியில் தொங்கவிட்டு, வலது கையிலுள்ள சிறு மரக்குச்சியால் ஒரு தட்டு. கணீர் என்றால் நல்ல கோப்பை. சத்தம் அமுங்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல். அது கழிவுக் கூடைக்கு. நாளைக்கு ஆயிரக்கணக்கில் தட்டுகிறாராம். என்னோடு பேசிக்கொண்டே தட்டினார். ஒரு முறைகூடக் கோப்பையைப் பார்க்கவில்லை.

"இந்தத் தம்பி பூச்சு வேலைக்கு வந்துதுங்க. வந்த நாள்லேருந்து வேலைய வுட்டுட்டு என் பின்னால நின்னு கேட்டுக்கிட்டே இருக்கும். நான் வேற மாதிரி நெனச்சி, 'எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுடா'ன்னு வெரட்டி வுட்டேன். அப்புறம் பாத்தா, கோப்பைச் சத்தத்துக்கு நின்னுருக்குது!"

ராமு காது சிவக்க நின்றான். மேசையிலிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

'பீங்கான் பார்ட்டி' என்ற அந்தப் பாட்டுக் குழு பிறந்த கதையை மதியச் சாப்பாட்டு நேரத்தில் தாஸ் சொன்னான். சூளையில் வேலை செய்பவன், மாதா கோயில் பாடகர் குழுவில் கிதார் கற்றவன். ராமு பூச்சு சரியில்லாத கோப்பைகளை விலைக்கு வாங்கி, ஒலி வாரியாகப் பொறுக்கி, தண்ணீர் ஊற்றிச் சுதி சேர்த்தானாம். அஞ்சலைக்கு நடவுப்பாட்டு, களையெடுப்புப் பாட்டு என்று நூறு பாட்டுத் தெரியும். சினிமாப் பாட்டு வேண்டாம், இந்த நாட்டுப்பாட்டுகளையே மேடையில் பாடலாம் என்றது ராமுதானாம். முதல் கச்சேரி, வேப்பூருக்கு அந்தப் பக்கம் உள்ள மங்களூரில் ஒரு கிரகப்பிரவேசம்.

"கோப்பையெல்லாம் வரிசையா வெச்சிட்டுக் கை கழுவப் போனோம் சார். வந்து பாத்தா பதினாலு கோப்பையிலயும் டீ! வூட்டுக்காரங்க தண்ணியக் கொட்டிட்டு, வந்தவங்களுக்கு ஊத்திக் குடுத்துக்கிட்டு இருக்காங்க. 'நல்ல வேளை தம்பி, எங்கிட்ட டம்ளர் பத்தலை'ங்கிறாரு."

இரண்டாவது வேப்பூரில், லாரிக்காரர்களின் ஆயுத பூஜை. பாட்டுப் பிடித்துப்போய், கைதட்டுவதற்குப் பதில் எல்லாரும் ஆரன் அடித்தார்களாம். அதற்குப் பிறகு ஏழு இடம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. அதுதான் இதுவரை கிடைத்ததில் பெரிய மேடை.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, ரயிலடிப் பக்கம் ராமு குடியிருந்த அறையில் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தான்.

"வூட்ல ராத்திரி தனியாவா படுத்துக்கிறீங்க?"

"பின்ன யாரு இருக்கா?"

கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, "சரிப்பா. நாளைக்கு இந்தக் கச்சேரிய முடிச்சிட்டு அங்கேருந்தே உங்க கூட வந்துடறேன்" என்றான். அவ்வளவுதான். வாதாடுவான் என்று பேச்செல்லாம் தயாரித்து வந்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, இருந்தும் படுத்த பிறகு அவன் புரண்டுகொண்டே இருந்தது எனக்குக் கேட்டது.

ஞாயிறு காலை எட்டரைக்கு அவன் தாஸைக் கூட்டிவரப் போனான். எனக்குச் சும்மா உட்கார வரவில்லை. மனைவி போன பிறகு, மனம் ஒரு நிலையில் இல்லாவிட்டால் பாத்திரம் தேய்ப்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. அறை மூலையில் வைக்கோல் போட்ட பெட்டியில் பதினான்கு கோப்பைகள். உள்ளே சிவப்பும் நீலமுமாகக் கறைக் கோடுகள். பிள்ளை கழுவக்கூடத் தெரியாமல் இருக்கிறானே என்று சாம்பலும் தேங்காய் நாரும் வாங்கி வந்து, கிணற்றடியில் உட்கார்ந்து பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன்.

பத்து மணிக்கு ராமு, தாஸ், அஞ்சலை மூவரும் வந்தார்கள். தாஸ் ஒரு கோப்பையை எடுத்து உள்ளே பார்த்தான். பிறகு அடுத்ததை. அவன் முகம் மாறியது.

அவை கறை அல்ல. எந்தக் கோப்பையில் எதுவரை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற அளவுக் கோடுகள். பாட்டுக்குப் பாட்டு அளவு மாறும் என்பதால் சூளையில் சுடாமல், தண்ணீரில் கரையாத மையால் மட்டும் போட்டிருந்தார்கள். மூன்று மாத உழைப்பு.

"வேலையும் வாங்கிக் குடுத்தாச்சு, கோப்பையும் கழுவியாச்சு" என்றான் தாஸ். "சுத்தமா முடிச்சிட்டாரு வாத்தியாரு."

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ராமுவின் முகத்தைப் பார்க்கப் பயந்து கோப்பைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அஞ்சலைதான் முதலில் அசைந்தார். "நின்னுக்கிட்டு இருந்தா கோடு வந்துடுமா? ஒரு மணிக்கு பஸ்ஸு. தாஸு, நீ கிதார எடு. ஐயா, நீங்க தண்ணி சேந்துங்க."

நான் சேந்தினேன். தாஸ் கிதாரில் ஒரு தந்தியை மீட்டுவான், ராமு கோப்பையில் தண்ணீர் ஊற்றித் தட்டுவான், அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... ம்... போதும், ரெண்டு சொட்டு எடு" என்பார். ராமு விரலை நனைத்துத் துளித் துளியாக எடுப்பான். பிறகு அளவுக் கோடு. அடுத்த கோப்பை. பிறகு அடுத்த பாட்டு. அம்மா போன பிறகு வீட்டுக்கு வந்தபோதெல்லாம் வாய் திறக்காத பிள்ளை அங்கே கத்தினான், சிரித்தான், தாஸைத் திட்டினான், தப்பாகச் சொன்ன அஞ்சலையைக் கிண்டல் செய்து தலையில் குட்டு வாங்கினான். நான் வாளியோடு போகவும் வரவும் இருந்தேன். யாரும் என்னிடம் கோபமாக இல்லை, அவர்களுக்கு நேரமில்லை. பன்னிரண்டரைக்குள் ஐந்து பாட்டுக்குக் கோடு போட்டு முடித்தார்கள்.

ஸ்ரீமுஷ்ணம் பதினான்கு மைல். பஸ்ஸில் எழுபது காசு. கோப்பைப் பெட்டி என் மடியில். "டிக்கெட் வாங்குங்க பெட்டிக்கு" என்றார் கண்டக்டர். "உடைஞ்சா நீங்க பொறுப்பா?" என்று தாஸ் கேட்டதும் போய்விட்டார். பிறகு தாஸ் என் பக்கம் குனிந்து, "காலையில பேசினத மனசுல வெச்சிக்காதீங்க சார்" என்றான்.

நான்கு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது நாலே முக்காலுக்குத்தான் ஆரம்பித்தது. வராக சுவாமி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிப் பந்தல். ஐந்தே பாட்டு என்பதால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை பாடினார்கள். "வரப்பு மேல குடை போகுது, குடைக்குக் கீழ யாரு போறா" என்று அஞ்சலை எடுத்ததும், பந்தலுக்கு வெளியே எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நின்று, அடுத்த அடியைத் தாங்களே பாடினார்கள். ராமு நிமிர்ந்து பார்த்து, குச்சிகளின் வேகத்தை அவர்களுக்குத் தக்கபடி குறைத்தான். அப்போது அவன் முகம் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அவன் அம்மா பார்த்திருக்க வேண்டும்.

ஆறரை மணி. சிதம்பரம் போய்க் கடலூருக்கு மாற வேண்டும், அந்த பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் நின்றோம். ராமு கையில் அவன் தகரப் பெட்டி. சொன்னபடியே புறப்பட்டு வந்திருந்தான். தாஸும் அஞ்சலையும் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? வேணும்னே கழுவினீங்களா?"

"இல்லடா." பிறகு யோசித்தேன். "கழுவும்போது தெரியாது. கோடுன்னு தெரிஞ்சதும், ஒரு நிமிஷம், அதுவும் நல்லதுக்குத்தான்னு தோணிச்சு. அத மறைக்க முடியாது."

அவன் தகரப் பெட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"நீ வந்தா எனக்கு நல்லாத்தான் இருக்கும். ராத்திரி பயமாத்தான் இருக்குது. ஆனா என் பயத்துக்குத் துணையா ஒருத்தன் குமாஸ்தாவா உக்காரக் கூடாது. திரும்பிப் போடா. மாசம் ஒரு நடை நான் வரேன்."

"அப்பா..."

"வேலை உனக்குத்தான் வந்துது. வேணாம்னா வேணாம்னு சொல்லு. எனக்காகச் சரின்னு சொல்லாதே."

பஸ் வந்தது. தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பையை வாங்கி உள்ளே வைத்தான். "போய்ச் சேந்ததும் ஒரு கார்டு போடுங்க. மறக்காம" என்றான். குரல் அவன் அம்மாவுடையது போலவே இருந்தது. பஸ் கிளம்பியபோது அஞ்சலை அவன் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் உத்தரவைத் திருப்பிக் கொடுத்தேன். மேசையிலிருந்தவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"இந்த வேலைக்கு எத்தனை பேரு அலையறாங்க, தெரியுமா? உங்க பையன் அப்படி என்னாதான் பண்றாரு?"

ஒன்றரை வருஷமாக இந்தக் கேள்விக்கு "பீங்கான் கம்பெனியில இருக்கான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

"கோப்பை வாசிக்கிறான்" என்றேன்.

"கோப்பையா?"

எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். முணுமுணுப்புக் கேட்டது. நான் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சூளையிலிருந்து ஆரம்பித்து, அவருக்கு முழுவதும் விளக்கிச் சொன்னேன்.