உப்புப் பார்க்காத கை

முத்துகிருஷ்ணன் இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் சமைத்தார். அதில் ஒரு நாள்கூட உப்புப் பார்த்ததில்லை. சொன்னால் இந்தக் காலத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். கச்சேரி ரோடுப் பக்கம் அந்த வக்கீல் வீட்டில் எது சமைத்தாலும் முதலில் சுவாமிக்குக் கை காட்டி நைவேத்தியம் பண்ண வேண்டும். அதற்கு முன்னால் கரண்டி நுனியைத் தொட்டு யாராவது நாக்கில் வைத்துவிட்டால் போச்சு, பாத்திரத்தோடு எச்சில். கொட்டிவிட்டு மறுபடியும் உலை வைக்க வேண்டியதுதான். ஆகவே அவர் மூக்கால்தான் உப்புப் பார்ப்பார். சாம்பார் கொதிக்கும்போது குனிந்து ஆவியை ஒரு இழுப்பு இழுப்பார். 'கொஞ்சம் குறையறது' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஒரு சிட்டிகை போடுவார். வக்கீல் மாமா கோர்ட்டில் எதிராளியை விட்டாலும் விடுவார், சாப்பாட்டில் குறையை விடமாட்டார். அவரே முத்துகிருஷ்ணன் சமையலில் உப்பைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அந்த வீட்டை இடித்தாயிற்று. மாமாவும் மாமியும் கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். போகும்போது மாமி அவருக்கு வேஷ்டியும், அவர் மனைவி சுவர்ணலதாவுக்குப் புடவையும் வைத்துக் கொடுத்து அழுதாள். அழுகை உண்மையானதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பின் ஆறு மாதமாக அவருக்கு வேலை இல்லை. கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர்களிடம் போனார். ஐம்பத்தெட்டு வயது, வலது முட்டியில் வீக்கம். அண்டா தூக்க முடியாத ஆளை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? மயிலாப்பூரில் தெரிந்த வீடுகளில் எல்லாம் கேட்டுவிட்டார். பாதிப் பேர் மெஸ்ஸில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள், மீதிப் பேருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து போனிலேயே சாப்பாடு வரவழைத்துக் கொடுக்கிறார்கள்.

மந்தைவெளியில் அவர்கள் இருந்த ஒற்றை அறைப் போர்ஷனை மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சுவர்ணலதாவின் தம்பி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறான். நல்லவன்தான், ஆனால் கெட்டிக்காரன். "அக்கா வந்து இருக்கட்டும். அத்திம்பேருக்கு இங்க எங்க இடம்? அவர் ஆம்பளை, எங்கயாவது மண்டபத்துல படுத்துண்டு வேலை பார்ப்பார்" என்றான். முப்பத்திரண்டு வருஷக் கல்யாணத்தை ஒரு போன் காலில் இரண்டாக வகுத்துவிட்டான். குழந்தை இல்லாதவர்களுக்கு யோசனை சொல்வது ஊரில் எல்லோருக்கும் சுலபம்.

இந்த நிலையில்தான் அடையாறு காந்தி நகரிலிருந்து நிஷா என்ற பெண் கூப்பிட்டாள். வக்கீல் வீட்டு மருமகளோடு வேலை பார்த்தவளாம். வீட்டில் அவளும் கணவன் ராகேஷும் மட்டும். சாயங்காலச் சமையல் போதும். தங்குவதற்கு மொட்டை மாடியில் ஓர் அறையும் உண்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு வரலாம். இந்தக் கடைசி வார்த்தையில் முத்துகிருஷ்ணனின் காது அடைத்துப் போயிற்று. அவள் அடுத்துக் கேட்டதற்கு யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டார்.

"நான்-வெஜ் பண்ணுவீங்கல்ல அண்ணா?"

"பண்ணுவேம்மா."

போனை வைத்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. முட்டையைக்கூடக் கையால் தொடாத மனிதர்.

"சனிக்கிழமை வந்து ஒரு ட்ரையல் பண்ணுங்க. சிக்கன், பெஸ்டோ போட்டு க்ரீமியா பாஸ்தா. இருபது நிமிஷ வேலைதான்" என்று சொல்லி, செய்முறை வீடியோ ஒன்றையும் அனுப்பியிருந்தாள். வீட்டில் வைத்துப் பார்த்தால் சுவர்ணலதாவின் கண்ணில் படும். எனவே நாகேஸ்வர ராவ் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி பதினைந்து தடவை பார்த்தார். குழாய் குழாயாக இருக்கும் பாஸ்தாவை உப்புத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும், தண்ணீர் கடல் தண்ணீர் மாதிரி கரிக்க வேண்டும். கோழித் துண்டுகளை உப்பும் மிளகும் பிரட்டி வெண்ணெயில் வதக்க வேண்டும். பூண்டு, பிறகு க்ரீம், பிறகு பெஸ்டோ என்ற பச்சை விழுது. அது நம் திருநீற்றுப் பச்சிலை ஜாதியில் ஒரு இலையை முந்திரியும் சீஸும் எண்ணெயும் விட்டு அரைத்தது. கடைசியில் பாஸ்தா வெந்த தண்ணீரை ஒரு கரண்டி விட்டுத் தளர்த்த வேண்டும். வீடியோவின் முடிவில் அந்தப் பெண் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டு, "இந்த இடத்துல உப்பு செக் பண்ணிக்கோங்க" என்பாள். அந்த இடம் வரும்போதெல்லாம் முத்துகிருஷ்ணன் தனக்குள் சிரித்துக்கொள்வார். கற்றுக்குட்டி, பாவம்.

சனிக்கிழமை கிளம்பும்போது சுவர்ணலதா கேட்டாள். "ஏன்னா, என்ன பண்ணச் சொல்லியிருக்கா?"

"மைதா மாவுக் குழாய். காய் கீய் போட்டுப் பண்றது."

"பகவானே, இதாவது அமையட்டும். மாடி ரூம்னா நன்னா காத்து வரும்" என்றாள். அவள் அதற்குள் அங்கே துணி உலர்த்தக் கொடி கட்டிவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது.

காந்தி நகரில் அந்தக் குடியிருப்பின் கேட்டில் காவலுக்கு இருந்த பாலு அவரை மேலும் கீழும் பார்த்தான். "இன்னா சாமி, எந்த வூட்டுக்கு? சமையலுக்கா? மூணாவது மாடியா? ஐயோ, அந்த வூட்டுக்கு ஆளுங்க வந்து போய்க்கினே கீறாங்க. நல்லவங்கதான் சாமி. ஆனா நாக்கு கீது பாரு, அது ரொம்ப நீளம்."

நாக்கு நீளமானவர்களுக்குச் சமைப்பது தனக்குப் புதிதல்ல என்று முத்துகிருஷ்ணன் நினைத்துக்கொண்டார். தைரியமாகவே மேலே போனார்.

சமையலறை பளபளவென்று இருந்தது. நிஷா எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தாள். பாஸ்தா பாக்கெட், க்ரீம் டப்பா, வெண்ணெய், பாட்டிலில் பெஸ்டோ, சீஸ், ஒரு தட்டில் பூண்டு. பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் எலும்பில்லாத கோழித் துண்டுகள். "ஏழரைக்கு சாப்பிடலாம் அண்ணா" என்று சொல்லிவிட்டு ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டாள்.

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, உறையைக் கத்தரிக்கோலால் வெட்டினார். முதலில் ஸ்பூனால் தள்ளிப் பார்த்தார். வழுக்கியது. பன்னீர், பன்னீர் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கையை வைத்தார். பன்னீர் அப்படிக் குளிர்ந்து விரலில் ஒட்டாது என்பது கைக்குத் தெரிந்தது. மறு கையால் பூணூலை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உப்பும் மிளகும் போட்டுப் பிரட்டினார். இதற்குமேல் என்ன இருக்கிறது, தொட்டாயிற்று என்று ஒரு துணிச்சல்கூட வந்தது.

வேலையென்று வந்துவிட்டால் அவருடைய கை தனி. ஒரு அடுப்பில் தண்ணீர் கொதித்தது, வீடியோவில் சொன்னபடி உப்பை அள்ளிப் போட்டார். மறு அடுப்பில் வெண்ணெய் உருகியது. அது உப்புப் போட்ட வெண்ணெய். பாக்கெட்டின் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்தது, அவர் படிக்கவில்லை. வக்கீல் வீட்டில் மோர் கடைந்து எடுத்த வெண்ணெயில் யார் உப்பைப் போட்டார்கள்? கோழி வதங்கியது, பூண்டு சிவந்தது, க்ரீம் பொங்கிவந்தது. பாட்டிலைத் திறந்து பெஸ்டோவை வழித்துப் போட்டார். அதிலும் உப்பு. மேலே துருவிய சீஸ், அதிலும். கெட்டியாக இருந்ததால் பாஸ்தா வெந்த தண்ணீரை இரண்டு கரண்டி விட்டார். ஐந்து இடத்திலிருந்து உப்பு வந்து அந்த ஒரு வாணலியில் சேர்ந்துவிட்டது.

குனிந்து ஆவியை இழுத்தார். பூண்டும் கோழியும் பச்சிலையும் மூக்கில் ஏறின. இன்னொரு தடவை இழுத்தார். ஒன்றுமே தெரியவில்லை. இருபத்தாறு வருஷமாக அவரைக் காப்பாற்றிய மூக்கு அங்கே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஸ்பூன் இருந்தது. ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும். 'செய்யறது வேற, சாப்பிடறது வேற' என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். நிறம் நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அடுப்பை அணைத்தார்.

ராகேஷ் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். "வாசனை சூப்பரா இருக்கே" என்றான். முத்துகிருஷ்ணன் சமையலறை வாசலில் துண்டில் கையைத் துடைத்தபடி நின்றார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். ராகேஷ் ஒரு வாய் எடுத்தான். மென்றான். தண்ணீர் டம்ளரைத் தேடினான். நிஷா எடுத்தாள், ஸ்பூனை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"உப்பு ஜாஸ்தியா இருக்கு அண்ணா" என்றாள். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "நீங்க டேஸ்ட் பாக்கலையா?"

"வழக்கமில்லைம்மா."

"டேஸ்ட் பாக்காம எப்படி..." என்று ஆரம்பித்தவள் அவர் இடுப்பில் செருகியிருந்த பூணூலைப் பார்த்துவிட்டாள். "அண்ணா, நீங்க நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?"

"பண்ணுவேன்னுதாம்மா சொன்னேன்."

ராகேஷ் நல்ல பிள்ளை. சத்தம் போடாமல் போனை எடுத்து வேறு எங்கோ சாப்பாடு சொல்ல ஆரம்பித்தான். அந்த விரல் திரையைத் தள்ளுவதை முத்துகிருஷ்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். மாடி அறையும், காற்றும், சுவர்ணலதாவின் கொடியும் அந்த விரலோடு நகர்ந்து போவதைப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. உள்ளே போய் ஒரு ஸ்பூனை எடுத்து, வாணலியில் கிடந்ததில் ஒரு துண்டும் குழம்புமாக அள்ளி, அவர்கள் கண் முன்னாலேயே வாயில் போட்டுக்கொண்டார்.

மென்றார். உப்பு நாக்கைச் சுட்டது. அதற்கடியில் ஏதோ மெத்தென்று ஒன்று பல்லில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"ஆமாம்மா, கரிக்கறது. நிஜம்தான். பாலும் க்ரீமும் விட்டா அடங்கிடும், அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணித் தரேன். இனிமே தினமும் ருசி பார்த்தே பண்றேன்" என்றார்.

நிஷா பதறிக்கொண்டு எழுந்தாள். "ஐயோ அண்ணா! உங்களை யாரு சாப்பிடச் சொன்னா? எங்களுக்காகவா? வேணாம் அண்ணா, ப்ளீஸ்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "டெய்லி உங்களை இப்படிப் பண்ண வச்சா எங்களுக்குத் தொண்டையில இறங்குமா? நீங்க ஒரு நல்ல வெஜ் வீடா பாருங்க. நான் கேட்டுச் சொல்றேன், கண்டிப்பா கேட்டுச் சொல்றேன்."

உப்புக்காகத் துரத்தியிருந்தால் உப்பைச் சரி செய்திருக்கலாம். இரக்கப்பட்டு வேண்டாம் என்பவர்களிடம் எதைச் சரி செய்வது? அவள் பஸ்ஸுக்கு வேண்டாம், ஆட்டோவில் போங்கள் என்றாள். அவர் வேண்டாமென்று கும்பிட்டுவிட்டு இறங்கினார். பாலு ஏதோ கேட்டான், அவர் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் குழாயடிக்குப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். நான்கு தடவை வாய் கொப்பளித்தார். ஈர வேஷ்டியோடு வாசற்படியிலேயே உட்கார்ந்தார், அடுப்புப் பக்கம் போகவில்லை. சுவர்ணலதா துண்டோடு வந்தாள்.

"எதுக்குன்னா இப்போ தலைக்கு? அவா என்ன சொன்னா?"

முத்துகிருஷ்ணனுக்கு மறுபடியும் பொய் சொல்லத் தெம்பில்லை, சொன்ன பொய்க்கே களைத்துப் போயிருந்தார். "காய் இல்லை. கோழி. என் கையாலே பண்ணினேன். உப்பு அதிகமாப் போயிடுத்து. அவா வேண்டாம்னுடப் போறான்னு தெரிஞ்சதும் ஒரு வாய் சாப்பிட்டும் காட்டினேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. பிராயச்சித்தம் என்பாள், அழுவாள், இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். சுவர்ணலதா துண்டைப் பிரித்து அவர் தலையில் போட்டு, குழந்தைக்குத் துவட்டுவது மாதிரி துவட்டினாள்.

"அதுக்கப்புறமுமா வேண்டாம்னுட்டா?" என்றாள்.

"ஆமாம்."

அவள் கை நின்றது. துண்டை அவர் தோளில் போட்டுவிட்டு உள்ளே போனாள். பரணிலிருந்து எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர்களுடைய பழைய பெட்டி அவள் கையில் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து எங்கே போனாலும் இரண்டு பேர் துணியும் அந்த ஒன்றில்தான் போகும். அதை அவர் முன்னால் வைத்து, தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"இது ஒண்ணுதானே இருக்கு. நீங்க எடுத்துக்கறேளா, நான் ஸ்ரீரங்கத்துக்கு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.