போர்த்தியஸ் மீனுக்கு நான் வைத்த வாய்

பள்ளிக்கூடத்து சயன்ஸ் ரூமில் அட்டெண்டராகச் சேர்ந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு மீனுக்கு வாய் வைப்பது. 1920களின் கடைசி அது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் பெரிய பெரிய மீன்களை முழுசாக விழுங்கிக்கொண்டிருந்த போர்த்தியஸ் என்ற மீனின் மண்டை அது. நிஜ எலும்பல்ல, பிளாஸ்டர் வார்ப்பு. பின்னாளில் அதன் பெயரையே சிபாக்டினஸ் என்று மாற்றிவிட்டார்கள். சீமையிலிருந்து மிஷன்காரர்கள் அனுப்பியது. தூத்துக்குடியில் இறங்கி, ஆரல்வாய்மொழி வழியாக மாட்டுவண்டியில் குலுங்கி வந்ததில் இரண்டு தாடையும் கழன்றுவிட்டன.

"வெள்ளிக்கிழமை ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வாறாரு. ஒழுங்கா ஒட்டினா ஒமக்கு வேலை நிரந்தரம். இல்லேன்னா வேற ஆளு பாக்கணும், கேட்டீரா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

கழன்ற இரண்டில் ஒரு தாடை மற்றதைவிடத் துருத்திக்கொண்டு நின்றது. லட்சணமான முகத்தில் மேல்வாய்தானே முன்னால் நிற்கும் என்று அதை மேலே வைத்து ஒட்டினேன். ஹெட்மாஸ்டர் பார்த்துவிட்டு, "நல்ல களை" என்றார். அவர் சரித்திரத்தில் எம்.ஏ. மீனின் சரித்திரத்தில் அல்ல.

வியாழக்கிழமை மண்டையை வராந்தாவில் காயவைத்திருந்தேன். கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் லூர்தம்மாள் அக்கா வெளிவாசலில் நின்றார். நாற்றம் வரும், மீன்கூடை வாசலைத் தாண்டக் கூடாது என்பது ஹெட்மாஸ்டர் போட்ட சட்டம். அங்கிருந்தே எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"யாரு மக்கா இதுக்கு வாயத் தலைகீழா வச்சது?"

"நான்தான் அக்கா. இது இப்ப உள்ள மீனில்ல. செத்துக் கோடி வருஷம் ஆச்சு."

"செத்தா வாயி திரும்பீருமா?" கூடையிலிருந்து ஒரு முள்ளுவாளையை எடுத்து நீட்டினார். "இந்தா பாரு. கீழ்த்தாடைல்லா துருத்தி மேல பாத்து நிக்கி. பாஞ்சு கவ்வுத மீனுக்கு வாயி இப்பிடித்தான் இருக்கும்."

பல்வரிசை முதல் மோவாய் வரை, நான் மேலே ஒட்டிய தாடை மாதிரியே இருந்தது அதன் கீழ்த்தாடை.

ஹெட்மாஸ்டரிடம் ஓடினேன். "மீன்காரி சொன்னான்னு கழட்டப் போறீரா? ஒடைஞ்சா நாளைக்கு எதைக் காட்ட?" என்றார். அவர் வாசலுக்கு வர மறுத்ததால் முள்ளுவாளை அவர் மேஜைக்குப் போயிற்று. மூக்கைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "கழட்டும்" என்றார்.

ஈரத்துணி சுற்றி, பேனாக்கத்தியால் சுரண்டி, சாயங்காலத்துக்குள் தாடைகளை மாற்றினேன். என் வேலையே அந்தக் கத்தி முனையில் இருந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் தான் கொண்டுவந்த படத்தோடு மண்டையை ஒப்பிட்டுப் பார்த்தார். "கரெக்டா வச்சிருக்கீங்களே. எந்தப் புஸ்தகம்?"

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வெளிவாசலைப் பார்த்தேன். "உள்ளூர் ஆதாரம்தான் சார்" என்றார்.

வேலை நிரந்தரமாயிற்று. தெரிந்தவரிடம் கேட்காமல் எதையும் ஒட்டக் கூடாது என்பது என் சர்வீசில் நான் கற்ற முதல் பாடம். ஹெட்மாஸ்டரும் கற்றிருந்தார். அடுத்த வருஷம் சீமையிலிருந்து இன்னொரு பெட்டி வந்தபோது, ஆணி பிடுங்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரும். முதல்ல அந்த அம்மாவ உள்ள வரச் சொல்லும். கூடையோட."