காப்புறுதியில் கூட்டு எடுக்கப் போன அக்கா

என் அக்கா தொழிற்சாலையில் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்த மறுவாரம், அவளை ஜொகூர் பாருவிலிருக்கும் ஒரு காப்புறுதி நிறுவனத்துக்கு என் காரில் அழைத்துக்கொண்டு போனேன். புது பஞ்சாபி உடை, தலையில் மல்லிகை, கைப்பையில் ஒரு சாக்லேட் டப்பா. டப்பா எதற்கு என்று கேட்டேன். "காசு எடுத்துக் குடுக்கிற பிள்ளைக்கு ஏதாச்சும் குடுக்கணும்ல" என்றாள். பத்து வருடம் மாதம் தவறாமல் கட்டியதை அன்றைக்கு மொத்தமாக எடுக்கப்போகிறோம் என்ற நினைப்பு அவளுக்கு. எனக்கும்தான்.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. அச்சிலிருந்து சூடாக விழும் மூடிகளைப் பொறுக்கி, பிசிறு வெட்டி, பெட்டியில் அடுக்க வேண்டும். அங்கே நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் வேலை ஓடாதாம். இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ, அவர்களை ஒரு வாரம் அங்கே நிறுத்திவைக்க வேண்டும். மாலையில் அக்காவின் கால்கள் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் கருநீலமாய்த் தெரியும். அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும், என்னைப் படிக்கவைத்து தெப்ராவில் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் உட்காரவைத்ததும் அந்தக் கால்கள்தான். கல்யாணம் செய்துகொள்ள அவளுக்கு நேரமே வரவில்லை. சேமநிதிப் பணம் வீட்டுக் கடனை அடைக்கப் போய்விட்டது. மிச்சமிருந்தது இந்தக் காசு ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் இனி நிற்க வேண்டாம். "காலத் தூக்கி இன்னொரு நாற்காலியில போட்டுக்கிட்டு உக்காருவேன். எவளாச்சும் எழுந்திரின்னு சொன்னா அறைவேன்" என்பாள்.

அவள் அதைக் காப்புறுதி என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'என் கூட்டு' என்றுதான் சொல்வாள். கூட்டு என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். மாதம் ஒருவர் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்வார். அக்காவின் தொழிற்சாலையில் பத்துப் பேரும் பதினொரு மாதம் கட்டுவது வழக்கம். முதல் மாதக் காசு முழுவதும் கூட்டு நடத்துகிறவருக்கு. அவர் பங்கு கட்ட வேண்டியதில்லை. யாரும் அதைக் கேள்வி கேட்க மாட்டார்கள். எவராவது எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால் அந்தப் பங்கை அவர்தான் தன் கையிலிருந்து போட்டாக வேண்டும். சட்டம் இதையெல்லாம் ஒத்துக்கொள்ளாது என்பார்கள். இருக்கட்டும். எங்கள் சனங்களில் பாதி வீட்டுக் கல்யாணம் இதில்தான் நடந்தது.

அங்கே கூட்டு நடத்தியவர் அக்காவுக்குப் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர், அவளைவிட ஆறேழு வயது மூத்தவர். எல்லாருக்கும் அவர் கூட்டுக்காரம்மா. ஒரு தடவை பங்கை எடுத்த ஒருத்தி சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூர் பக்கம் போய்விட்டாள். கூட்டுக்காரம்மா தன் வளையலை அடகுவைத்து மீதி மாதங்களைக் கட்டி முடித்தார். அதற்குப் பிறகு அவரிடம் காசு வாங்கிய எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

அவர் வேலையிலிருந்து நின்றதும் பரீட்சை எழுதிக் காப்புறுதி முகவரானார். பழைய கூட்டு ஆட்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். "கூட்டு மாதிரிதான் தங்கச்சி. மாசாமாசம் கட்டு. நடுவுல ஆஸ்பத்திரிக்குப் போனா கார்டு இருக்கு. பத்து வருஷம் கழிச்சு போட்டத மொத்தமா எடுத்துக்கலாம், மேலயும் கொஞ்சம் வரும்." அக்கா நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். அத்தனையும் ஆங்கிலத் தாள். கூட்டுக்காரம்மாவிடம் போய் இதைப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டால், உங்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. வருடா வருடம் வந்த உறைகளையும் அவள் பிரிக்கவில்லை. கூட்டில் யார் உறை பிரித்துப் படித்தார்கள்?

காப்புறுதி நிறுவனத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். மரியாதையான பிள்ளை. கணினியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடியும் கணினியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக விளக்கினாள். இது சேமிப்புத் திட்டம் இல்லை, முதலீடு சேர்ந்த காப்புறுதி. பத்து வருடத்தில் எடுப்பது என்று இதில் ஒன்றும் கிடையாது. வயது ஏற ஏறக் காப்புறுதிக் கட்டணமும் ஏறி, கட்டிய காசிலிருந்தே கழிந்துகொண்டிருக்கிறது. இப்போது முடித்துக்கொண்டால் இவ்வளவு கிடைக்கும் என்று ஒரு தொகையைக் காட்டினாள். அக்கா கட்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் இல்லை.

அக்கா அந்தத் தொகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, தாழ்ந்த குரலில் மலாயில் கேட்டாள்: "புலான் இனி சியாப்பா டாப்பாட்?"

இந்த மாதம் யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்கிறாள். தன் முறை இன்னும் வரவில்லை, வேறு யாரோ எடுக்கிறார்கள், காத்திருக்கலாம் என்று நினைத்திருக்கிறாள். அந்தப் பெண் அந்தத் தொகையை ஒரு தாளில் அச்சிட்டு என்னிடம் நீட்டினாள். அக்கா சாக்லேட் டப்பாவை எடுத்து அந்தப் பெண்ணின் முன்னால் வைத்துவிட்டு எழுந்தாள். கொடுப்பதற்கென்று கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாதாம்.

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. காரை நேராகக் கூட்டுக்காரம்மா வீட்டுக்கு விட்டேன். "வேணாம்லா, வீட்டுக்குப் போலாம்" என்று அக்கா வழியெல்லாம் கெஞ்சினாள். அந்த அம்மாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

அவர் எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக, "எடுத்தாச்சா தங்கச்சி?" என்றார்.

அடுக்கிவைத்ததெல்லாம் எனக்கு அங்கேயே கலைந்துபோனது. இவருக்கும் தெரியாது. அந்தப் பெண் அச்சிட்டுக் கொடுத்த தாளை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். உள்ளே போய்த் தன்னுடைய பத்திரத்தை எடுத்துவந்தார். அவரும் அதே திட்டத்தில்தான் போட்டிருந்தார், அக்காவைவிட இரண்டு மடங்கு. "எங்க லீடர் பத்து வருஷம்னு படம் போட்டுல்ல காட்டுனாரு" என்றார். முகவர்களுக்குப் பாடம் எடுத்த அந்த லீடர் எப்போதோ வேறு தொழிலுக்குப் போய்விட்டார். "தெரியாத சாமான எப்படி வித்தீங்க?" என்று நான் கேட்டேவிட்டேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்து, "வாய மூடு" என்றாள்.

நிறுவனத்துக்குப் புகார் எழுதினோம். கையெழுத்து இருக்கிறது, தொலைபேசியில் விளக்கிக் கேட்டபோதும் சரி என்றுதான் சொன்னார் என்று கையை விரித்தார்கள். ஆங்கிலத்தில் யார் கூப்பிட்டாலும் அக்கா யெஸ் என்றுதான் சொல்வாள். பேச்சு சீக்கிரம் முடியுமே. பிறகு, இந்த மாதிரி வழக்குகளைக் காசு வாங்காமல் தீர்த்துவைக்கும் ஓர் அமைப்பு கோலாலம்பூரில் இருக்கிறது என்று தெரிந்து அங்கே அனுப்பினோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகப் பேசினார். விற்கும்போது வாயால் என்ன சொல்லப்பட்டது என்பதுதான் கேள்வி, முகவரே ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் வழக்கு எடுபடும் என்றார்.

எழுதி வாங்கிவிடலாம் என்று நான் துள்ளினேன். அக்கா முடியாது என்றுவிட்டாள். கூட்டுக்காரம்மா அக்கம்பக்கத்து மோட்டார் சைக்கிள்களுக்குக் காப்புறுதி புதுப்பித்துக் கொடுத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தார். இப்படி எழுதிக் கொடுத்தால் லைசென்ஸ் போய்விடும். "அவங்க வயித்துல அடிச்சு எனக்கு ஒரு காசும் வேணாம்" என்றாள். வேலையை விடவில்லை என்று தொழிற்சாலையில் போய்ச் சொல்லி, மறுபடியும் அதே இயந்திரத்தின் முன்னால் நின்றாள். நல்லவளாக இருப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா என்று அவளோடு சண்டை போட்டேன். இரண்டு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தேன். அவள் அசையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அக்கா வீட்டில் இருந்தபோது கூட்டுக்காரம்மாவே வந்தார். "நான் சொன்னத நான்தான் சொன்னேன்னு எழுதி அனுப்பிட்டேன். உனக்கு மட்டுமில்ல, ஆறு பேருக்கும்" என்றார். அவரிடம் அந்தத் திட்டத்தை வாங்கியவர்கள் அந்த ஆறு பேர்தான்.

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "அலமாக்! ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? இனி சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"கூட்டுல ஒரு பங்கு குறைஞ்சா யாரு போடணும்?" என்று கேட்டார் அவர்.

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. நிறுவனத்தின் மேல் எந்தத் தப்பும் இல்லையாம். ஆனாலும் நல்லெண்ணத்தில் ஆறு பேருக்கும் கட்டிய காசைத் திருப்பித் தருகிறார்களாம். தப்பே செய்யாதவர்களுக்கு இவ்வளவு நல்லெண்ணம் எங்கிருந்து வருகிறதோ! கூட்டுக்காரம்மாவின் லைசென்ஸ் போனது. அவருடைய சொந்தப் பத்திரத்துக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. விற்றவரே நான் ஏமாந்துவிட்டேன் என்று சொன்னால் எடுபடாதாம். எல்லாரையும்விட அதிகம் கட்டியவர் அவர்தான்.

அக்காவின் கணக்கில் காசு ஏறிய அன்று நான் ஒரு நாற்காலி வாங்கிக்கொண்டு போனேன். கால் நீட்டிக்கொள்ள முன்பக்கம் மெத்தை வைத்த நல்ல நாற்காலி. அக்கா அதைத் தடவிப் பார்த்தாள். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க வேண்டாம் என்றாள். "இன்னும் பதினோரு மாசம் போகட்டும்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆறு பேரும் பேசிவைத்து ஒரு புதுக் கூட்டு சேர்த்திருந்தார்கள். தொழிற்சாலையில் இன்னும் மூன்று பேர், பத்தாவது ஆள் நானாம்; என்னை யாரும் கேட்கவில்லை. ஆளுக்குப் பெரிய பங்கு, அக்காவின் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும். கூட்டுக்காரம்மா தன் பத்திரத்தில் இழந்த காசைப் பத்தால் வகுத்துத்தான் அந்தப் பங்கை வைத்திருந்தார்கள். "கையில இருக்கிறத எடுத்துப் போட்டா அப்புறம் நான் எதுல சாப்பிடறது? சம்பளத்துலதான் போடணும்" என்றாள். பதினோரு மாதமும் நிற்கப்போகிறாள். தன் முறை கடைசியில் வந்தால் போதும் என்றும் சொல்லிவைத்திருக்கிறாள். அந்தக் கால்களைப் பார்த்தேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டத் திட்ட எனக்கே அழுகை வந்துவிட்டது.

சம்பளத்துக்கு மறுநாள் மதியம் கூட்டுக்காரம்மாவை அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டோம். பத்துப் பேரின் காசும் மேசைமேல் இருந்தது. "நான் இனிமே எதையும் நடத்துற மாதிரி இல்ல" என்று அவர் பின்வாங்கினார். நீங்கள் நடத்தினால்தான் சேருவோம் என்று ஒன்பது பேர் சொல்லியிருக்கிறார்கள் என்றாள் அக்கா. நான் அவளை முறைத்தேன். "பத்துப் பேரு" என்று திருத்தினேன்.

அவர் காசையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டார்: "மொத மாசம் யாருக்கு?"

"கூட்டு நடத்துறவங்களுக்குத்தானேக்கா. இது என்ன புதுசா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தனை வருடம் அவரே நடத்திக் காட்டிய வழக்கம். அதை எப்படி இல்லை என்பார்? முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்ணிப் பார்க்காமல் காசை எடுத்துக்கொண்டார்.

அக்கா நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை உருவிப் போட்டு அவரை அதில் உட்காரவைத்தாள். மதிய ஷிப்டுக்குப் பஸ் வந்துவிடும் என்று வாசலில் குனிந்து செருப்பை மாட்டினாள். வார் கடைசி ஓட்டையில்தான் எட்டியது.