தகரம் அடிக்காத நாள்

றப்பர் காட்டுக்குள் நிற்பவருக்கு வானம் தெரியாது. தெஹியோவிட்டைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் மாசியில் இலை கொட்டும் கொஞ்ச நாள்தான் அண்ணாந்து பார்த்தால் நீலம் தெரியும். சித்திரையில் புது இலை மூடிவிட்டால், தலைக்கு மேல் என்ன திரள்கிறது என்று பால் வெட்டுகிறவர்களுக்குத் தெரிய வழியில்லை. அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தோம். மேட்டில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் அன்று யார் வீட்டில் இருக்கிறாரோ அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, மழை வரும்போல் இருந்தால் மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்து அடிக்க வேண்டும். சத்தம் கேட்டதும் கீழே சிரட்டைகளில் வடிந்திருக்கும் பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

பால் கெட்டால் ஒரு நாள் பாடு போச்சு, அவ்வளவுதான். எனக்குப் பயம் ஓயாவை, காட்டுக்குள் ஓடும் அந்த ஆற்றை, நினைத்துத்தான். அம்மாவின் மரங்கள் ஓயாவுக்கு அந்தப் பக்கம் இருந்தன. கடக்க இரண்டு தென்னங்குற்றிகளைப் பாலமாகப் போட்ட ஏதண்ட ஒன்றுதான் உண்டு. மேல்மலையில் மழை கொட்டினால் எங்கள் பக்கம் ஒரு துளி விழாமலே அந்தக் குற்றிகளுக்கு மேல் தண்ணீர் வந்துவிடும். அம்மாவுக்கு நீந்தத் தெரியாது. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம், சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நான் அந்தத் தகரத்திடம் மாட்டிக்கொண்டேன். அதையும் ஒரு பரீட்சையாகவே எடுத்துக்கொண்டேன். புவியியல் புத்தகத்தில் முகில் வகைகளுக்குப் படம் இருந்தது. கீற்று முகில் உயரத்தில் போகும், உடனே மழை தராது. படை முகில் வானம் முழுக்கச் சாம்பலாய்ப் படுத்துக்கிடக்கும், தூறலோடு விட்டுவிடும். திரள் முகில்தான் ஏமாற்றுக்காரன். காலையில் இலவம் பஞ்சு மாதிரி அப்பாவியாக நிற்கும். மேல்நோக்கி வளர ஆரம்பித்தால் அடி கறுத்து, உச்சி தட்டையாகி, இடி மழையாகும். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் அந்த வாரத்துக்கான வானிலை சொல்வார்கள். அதைக் கொப்பியில் எழுதிவைப்பேன். வாராவாரம் ஒரே வசனம்தான்: சப்ரகமுவ மாகாணத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும். இரண்டு மணிக்குள் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள் என்பதால் அந்த வசனம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனாலும் மனம் கேட்காது. கறுப்பாக எது தெரிந்தாலும் கை தகரத்தைத் தேடும். முதல் வாரத்திலேயே இரண்டு முறை அடித்துவிட்டேன். இரண்டு முறையும் மேகம் அவிசாவளைப் பக்கம் நழுவிப்போய், வெயில் சுள்ளென்று அடித்தது. பாதி வடிந்த பாலோடு ஓடிவந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "மழைத் தொரசானி" என்று பேர் வைத்துவிட்டார்கள். கங்காணி எல்லோர் முன்னாலும் அம்மாவிடம், "ஒம் மககிட்ட சொல்லி அந்தத் தகரத்த ஓயாவுல வீசச் சொல்லு" என்றார். அம்மா அந்தக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

"வானத்தப் பாத்துப் பாத்து தகரத்தத் தட்டுறதுக்கு, ஒல வச்சாலும் சோறாவது ஆகும்டி!"

எனக்கு ரோஷம் வந்தது. இனி நிச்சயமாகத் தெரிந்தால்தான் அடிப்பேன் என்று முடிவு செய்தேன்.

அடுத்த புதன்கிழமை பத்தரை மணிக்கு மேல்மலைக்குப் பின்னால் ஒரு திரள் முகில் எழுந்தது. அடி கறுத்திருந்தது. கையில் குச்சியை எடுத்தேன். உச்சி இன்னும் உருண்டையாகத்தான் இருந்தது. புத்தகப்படி அது தட்டையாக வேண்டும். கொப்பியைப் பார்த்தேன். இரண்டு மணிக்குப் பின்னர். குச்சியைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன். கங்காணியின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. பதினொரு மணிக்கு மேல்மலை இருந்த இடத்தில் மலையைக் காணவில்லை. வெறும் சாம்பல்தான் தெரிந்தது.

தகரம் நெளியும்வரை அடித்தேன். அடித்துக்கொண்டே ஓயாவுக்கு ஓடினேன். எதிரே இரண்டு பெண்கள் வந்தார்கள், அம்மாவோடு அந்தப் பக்கத்தில் வெட்டுகிறவர்கள்.

"அம்மா எங்க?"

"நாங்க இருட்டுனதுமே கெளம்பிட்டோம் புள்ள. ஒங்கம்மாவையும் கூப்புட்டோம், வரல."

ஏதண்டவைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அந்தக் கரையில் ஒரு பாறைமேல் அம்மா வாளியோடு நின்றாள். தண்ணீர் பாறையின் பாதிக்கு ஏறியிருந்தது. பின்னால் போகச் சொல்லிக் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மழை இந்தப் பக்கமும் இறங்கிவிட்டது. கண்ணை மூடினால் அம்மா போய்விடுவாள் என்று தோன்றியதால் இமைக்கக்கூடப் பயந்து நின்றேன். எப்போதோ அவள் பாறையிலிருந்து பின்பக்கமாக மேட்டில் ஏறினாள். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

நாலு மணிக்குமேல் தண்ணீர் வடிந்து, குற்றிகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து வந்தாள். வாளியில் பாலைவிட மழைத்தண்ணீர் அதிகமாக இருந்தது. அடி விழும் என்று நின்றேன். அவள் முந்தானையால் என் தலையைத் துவட்டினாள்.

"அவுங்க கூப்புட்டப்ப ஏம்மா வரல?"

"நீ தகரம் அடிக்கலியே" என்றாள். "மழைன்னா எம் மக அடிப்பா, நீங்க முன்னால போங்கன்னு அவுங்ககிட்ட சொல்லிட்டு மிச்சப் பால ஊத்திக்கிட்டு இருந்தேன்."