அரக்குப் பட்டு மடிப்பு

முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் பூமா. பரீட்சை ஹாலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே பாதிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஜாமெட்ரி பாக்ஸ் மூடிக்குள்ளிருந்து, தாவணி முந்தியிலிருந்து, ஒரு தடவை ஒருத்தியின் பின்னலுக்குள்ளிருந்துகூடத் துண்டுச் சீட்டை உருவியிருக்கிறாள். ரிட்டையர் ஆகி எட்டு வருஷம் ஆகியும் அந்தக் கண் மட்டும் ரிட்டையர் ஆகவில்லை. கீரைக் கட்டை அவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்குவாள். சின்னக் காஞ்சிபுரத்தில் அவளிடம் நல்ல பேர் வாங்கின மனுஷர் அவள் கணவர் ஒருவர்தான். அதுவும் எல்லா நாளும் இல்லை.

அப்படிப்பட்டவள் இப்போது நேபாளத்து மலைச் சாலையில் ஒரு ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அரக்குப் பட்டில் சுற்றிய வெள்ளிப் பெட்டி. பெட்டிக்குள் அவர்கள் வீட்டுப் பெருமாள், உள்ளங்கை அளவு சாளக்கிராமம். நாலு தலைமுறையாக வீட்டு ஆண்கள் தினமும் திருமஞ்சனம் பண்ணி, பால் அமுது காட்டி வந்த கல். பெண்கள் தொடக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். கணவர் போய் எட்டு மாதம் ஆகிறது. புனேவில் இருக்கும் பிள்ளை ஸுதர்சன், "தினம் பண்ண என்னால முடியாதும்மா" என்று கையை விரித்துவிட்டான். "பூஜைக்கு ஆள் இல்லேன்னா, பெருமாள் பிறந்த நேபாளத்துக் கண்டகி ஆத்துலயே விட்டுடு. யார் கையிலயும் கொடுத்துடாதே" என்று கணவர் படுக்கையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

துணைக்கு வந்தவள் அங்கம்மாள். ஐயம்பேட்டைக்காரி. காந்தி ரோட்டுப் பட்டுக் கடையில், வாங்க வருகிறவர்கள் பிரித்துக் கலைத்துப் போட்ட புடவைகளை மறுபடி மடித்து அடுக்குவது அவள் வேலை. கடை திறக்கும் முன் ஆறு வருஷமாக பூமா வீட்டிலும் வந்து பெருக்கித் துடைத்துவிட்டுப் போகிறாள். தனியாக அம்மாவை அனுப்பப் பயந்து ஸுதர்சன்தான் இவளையும் சேர்த்து அனுப்பினான்.

போக்ராவில் லாட்ஜ் அறையில் காலையில் குளித்துவிட்டு வந்தபோதுதான் பூமா அதைப் பார்த்தாள். பெட்டியைச் சுற்றியிருந்த பட்டின் மடிப்பு மாறியிருந்தது. அவள் எப்போதும் நாலு மூலையையும் மேலே கொண்டுவந்து முடிச்சுப் போடுவாள். இப்போது முடிச்சே இல்லை. ஜரிகைக் கரை வெளியே தெரிய, நுனி உள்ளே செருகி, கண்ணாடி அலமாரியில் வைக்கிற மாதிரி அத்தனை நறுவிசாக மடித்திருந்தது. காஞ்சிபுரத்துக்காரிக்கு இதற்குமேல் சாட்சி வேண்டுமா? கடை மடிப்பு!

பார்த்த உடனே கத்தினால் சீட்டை விழுங்கிவிடுவார்கள், கையும் களவுமாகத்தான் பிடிக்க வேண்டும் என்பது ஹாலில் கற்ற பாடம். அங்கம்மாள் குளிக்கப் போனதும் பூமா அவள் பையை அவிழ்த்தாள். இரண்டு புடவை, தைலம், ஒரு பால் பவுடர் பாக்கெட். அதற்கடியில், துணியில் சுற்றி, பூமா வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்க வேண்டிய சின்ன வெள்ளி வட்டில்.

அடிப்பாவி! எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட்டு, மாடிப்படியில் நின்று பிள்ளைக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "திருடியை எனக்குத் துணைக்கு அனுப்பியிருக்கேடா நீ."

அதற்குப் பிறகு வழியெல்லாம் எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான். டீ குடிக்க இறங்கினால் அங்கம்மாள் டிரைவரிடம் கையாலேயே ஏதோ பேசிச் சிரித்தாள். பூமா கிட்டே போனால் பேச்சு நின்றது. ஒருநாள் காலையில் அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. "பொடவ மாத்திக்கினு இருந்தேன் மாமி" என்றாள். கட்டியிருந்ததோ நேற்றைய புடவை.

தாதோபானி என்கிற ஊரைத் தாண்டியதும் மலை சரிந்து சாலையை மூடியிருந்தது. ஜீப் ஒரு சக்கரம் சேற்றில் புதைந்து, பள்ளத்துப் பக்கம் சாய்ந்து நின்றது. கீழே ஆறு இரைந்துகொண்டு ஓடியது. எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். முழங்கால் சேற்றில் பூமா ஒரு கையால் பெட்டியை அணைத்துக்கொண்டு வழுக்கி வழுக்கி நடந்தாள்.

"குடு மாமி, ரெண்டு கையும் வேணும் உனுக்கு" என்று அங்கம்மாள் பெட்டியை வெடுக்கென்று பிடுங்கினாள். அந்தப் பக்கம் போகிற டிராக்டர் டிரெய்லரில் ஒரே ஒரு இடம் இருந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டாள். டிராக்டர் வளைவில் மறைந்தது.

"அங்கம்மா! ஏய் அங்கம்மா!" என்று கத்தினாள் பூமா. கால் மணி நேரம் அந்தச் சேற்றில் அவள் பட்ட பாடு பகவானுக்குத்தான் தெரியும். போச்சு, கடைசியில் வாக்கும் போச்சு, பெருமாளும் போச்சு என்று வாய்விட்டு அழுதுகொண்டே நடந்தாள்.

சரிவுக்கு அப்பால் ஒரு டீக்கடை. பெஞ்சில் அங்கம்மாள். மடியில் பெட்டி. பக்கத்தில் வட்டில், அடியில் ஒரு சொட்டுப் பால்.

"என்னடி பண்றே? பெட்டியத் திறந்தியோ?"

"தொறந்தேன் மாமி."

"வட்டில எடுத்தே?"

"எடுத்தேன். அவரோட வட்டிலு தானே? வேற கிண்ணத்துல குடுத்தா நல்லாவா இருக்கும்?" அங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "தெனமும் ஐயா பால் காட்டுவாரு, வாசல் தொடைக்க சொல்லோ பாத்துக்கினுதான் இருப்பேன். அவரு போனதுலேர்ந்து மூடின பொட்டி மூடினபடி கெடக்குது. எட்டு மாசம் பட்டினி போட்டு, ஊர் உட்டு ஊர் இட்டுக்கினு வந்து ஆத்துல உடப் போறியே. வழியிலயாவது குடிக்கட்டும்னு, டிரைவராண்ட சுடுதண்ணி வாங்கி, கதவச் சாத்திக்கினு பவுடரு கலக்கி வெச்சேன். கையால தொடல. மூடியத் தொறந்து காட்டிட்டு மூடிடுவேன். கேட்டா உடமாட்டே, அதான் கேக்கல."

தொடக்கூடாது என்றுதான் பூமாவிடம் சொல்லியிருந்தார்கள். காட்டக்கூடாது என்று யாரும் சொல்லவே இல்லை. எட்டு மாதமாகத் தனக்குத் தினம் இரண்டு வேளை காப்பி கலந்து குடித்திருக்கிறாள்.

"எம் பையத் தொறந்தே நீ" என்றாள் அங்கம்மாள். "பொடவ மடிப்பு மாறியிருந்துது. நான் கேட்டனா மாமி?"

சேற்றுக் காலோடு பூமா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது, அழுகை வந்தது, அடக்கவில்லை. பூஜைக்கு ஆள் இல்லையென்றால் விட்டுவிடு என்றுதானே அவர் சொன்னார். ஆள் இருக்கிறாள். தெரியாமல் இருந்தது தனக்குத்தான்.

மறுநாள் காக்பேனியில், இத்தனை தூரம் தேடிவந்த கண்டகிக் கரையில் இருவரும் இறங்கினார்கள். பூமா வட்டிலில் பாலை ஊற்றி, மூடியைத் திறந்து, முதல் தடவையாகத் தானே காட்டினாள். பிறகு பெட்டியை மூடினாள். ஆற்றுப் பக்கம் போகவில்லை.

போனை எடுத்துப் பிள்ளைக்குச் சொன்னாள். "ஸுதர்சா, திருடின்னு சொன்னேனே, அதை அழிச்சுடு. பெருமாள் எங்களோட நம்மாத்துக்கே திரும்பி வரார்."

பட்டை எடுத்து நாலு மூலையும் சேர்க்கப் போனவள், நிறுத்தி அங்கம்மாளிடம் நீட்டினாள்.

"நீயே மடி."